அரக்கன் நோட்டீஸை வாங்க மறுத்த விவரம்

கல்யாணமாகிப் பதினான்கு மாதங்களில் ருமைஸாவும் அஃப்ஸலும் ஒன்றாக இருந்தது முப்பத்தெட்டு நாள். அதிலும் நான்கு நாள் அவன் காய்ச்சலில் படுத்திருந்தான். மீதி நாட்களில் அவள் காயல்பட்டினத்தில் இருந்தாள். அவன் ஷார்ஜாவில் ஆறு பேர் படுக்கும் அறையில், மேல்கட்டிலில் இருந்தான்.

மூன்றாம் தேதி அவனிடமிருந்து செய்தி வந்தது. குடும்பத்தோடு தங்க விரும்புபவர்களுக்குக் கம்பெனி இரண்டு அறை வீடுகளை ஒதுக்குகிறது. பட்டியலில் அடுத்த பெயர் அஃப்ஸலுடையது. நிக்காஹ் பதிவு செய்த காகிதம் மட்டும் போதாது. இருவரும் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்பவர்கள் என்று சொந்த மாவட்டத்து அலுவலகம் ஒன்று முத்திரையிட்டுத் தர வேண்டும். இருபத்தொன்பதாம் தேதிக்குள் தராவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதன் பிறகு எப்போது முறை வரும் என்று யாருக்கும் தெரியாது.

தூத்துக்குடியில் இதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. பெயர், இல்லற இணைவு அத்தாட்சி அலுவலகம். துறைமுகத்துக்குப் போகும் சாலையில், நிலக்கரித் தூள் படிந்த ஜன்னல்களோடு நின்றது. கணவன் மனைவியரை இணைத்து வைப்பதே இந்த அலுவலகத்தின் நோக்கம் என்று வாசலில் ஒரு பலகை. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் உள்ளே வரக் கூடாது என்று அதற்குக் கீழே இன்னொரு பலகை.

நான்காம் தேதி ருமைஸா படிவம் ஏழைப் பூர்த்தி செய்து நீட்டினாள். உதவியாளர் செல்வலட்சுமி அதை இரண்டு முறை படித்தாள்.

"பத்தி நாலு. கணவர் இல்லத்தில் மனைவி வசித்த நாட்கள். பூஜ்யம்னு போட்டிருக்கியேம்மா?"

"எங்க ஊர்ல மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்கு வருவாங்க மேடம். நான் அவங்க வீட்ல ஒரு நாள்கூடத் தங்குனதில்ல. உள்ளத எழுதுனேன்."

காயல்பட்டினத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அந்தக் கட்டத்தில் அதைத்தான் எழுதியிருப்பாள். அந்த ஊரில் வீடு மகளுக்கு. மருமகன்தான் பெட்டியோடு வந்து சேர்வான். ஆனால் உள்ளதை எழுதிய படிவத்தை என்ன செய்வதென்று அந்த அலுவலகத்தில் யாருக்கும் பழக்கமில்லை.

"அப்போ நீ அவரோட வசிக்கல. அவருதான் உன்னோட வசிச்சிருக்காரு. ரெண்டும் வேற வேற. அதுக்குப் படிவம் பதினொண்ணு. அத அவருதான் நேர்ல வந்து கொடுக்கணும்."

"அவங்க ஷார்ஜால இரிக்காங்க மேடம்."

"பொறவு எப்படிச் சேர்ந்து வாழுதீங்க?"

"வாழத்தான் மேடம் இந்தக் காயிதத்தக் கேக்குறேன்."

"சேந்து வாழாதவங்களுக்கு, சேந்து வாழுதாங்கன்னு எப்படிம்மா எழுதிக் கொடுக்க? நாளைக்கு என் வேலைக்கில்லா ஆபத்து?"

ருமைஸாவை உள்ளறைக்கு அனுப்பினார்கள். அங்கே இணைவு அலுவலர் கிருபாநிதி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒன்பது ரப்பர் முத்திரைகள் உயர வரிசைப்படி நின்றன.

"உக்காரும்மா. எனக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். இந்த நாற்காலியில உக்காந்து ஒரு புருஷன் பொண்டாட்டியையும் நான் சேத்து வச்சதில்ல. ஆனா ஒரு தப்பான காயிதத்துல கையெழுத்துப் போட்டான்னு ஒருத்தன் என்னைச் சொல்ல முடியாது. அதான் என் சம்பாத்தியம்." அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி. ஒன் புருஷன் பேர்ல வேற எடம் ஏதாவது இருக்கா? நீங்க ரெண்டு பேரும் இருந்த எடம்? குடிசையானாலும் பரவாயில்ல."

அழக் கூடாது என்று ருமைஸா நினைத்தபோது எரிச்சல் வந்தது.

"ஒரு கோட்டைதான் சார் இரிக்கு."

கிருபாநிதி பேனாவைக் கீழே வைத்தார். "எங்கன?"

அவள் சொன்னாள். ஷார்ஜாவிலிருந்து வாட்ஸ்அப்பில் எழுதலாம். கூப்பிட்டுப் பேச அந்த நாட்டில் தடை. காசு கட்டிப் பேசும் செயலியில் பாதிப் பேச்சு கடலில் விழுந்துவிடும். ஆனால் கம்ப்யூட்டரில் விளையாடும் ஒரு சண்டை விளையாட்டில் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். ஆடிக்கொண்டே ஹெட்போனில் பேசவும் செய்யலாம். குரல் பக்கத்தில் இருப்பதுபோல் வரும். அதனால் வெள்ளிதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து நாலு மணிக்கு, மற்ற நாட்களில் அவன் ஷிஃப்டைப் பொறுத்து, இருவரும் சாம்பல் கோட்டை என்ற இடத்தில் சந்திக்கிறார்கள். எலும்புக்கூடுகளும் பேய்களும் நூறு நூறாய் வரும். வெட்டிக்கொண்டே, இன்று என்ன குழம்பு, உம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி என்று பேசிக்கொள்வார்கள். அஃப்ஸல்தான் விளையாட்டைத் தொடங்கியவன் என்பதால் கோட்டை அவன் பெயரில் இருக்கிறது.

"எவ்வளவு நேரம் இருந்தீங்கன்னு அதுல காட்டுமா?"

"காட்டும் சார். தேதி, நேரம் எல்லாம் இரிக்கு. இதுவரைக்கும் அறுநூத்துப் பன்னெண்டு மணி நேரம்."

கிருபாநிதியின் முகத்தில் பக்தி போன்ற ஒன்று வந்தது.

"பாரும்மா. பக்கத்து வீட்டுக்காரன் சொன்னா நான் நம்புறதில்ல. பெத்தவங்க சொன்னா நம்புறதில்ல. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கண்ணீர் விட்டுச் சொன்னா சுத்தமா நம்புறதில்ல. மெஷின் சொன்னா மறுக்க எனக்கு அதிகாரம் கெடையாது."

விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். இல்லம் கல்லாலோ மண்ணாலோ கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. கணவர் பெயரில் இருக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணிக்குக் கள ஆய்வு என்று குறித்துக் கொடுத்தார்.

அன்று கிருபாநிதி, செல்வலட்சுமி, நில அளவர் மாசானம் மூவரும் ஜீப்பில் காயல்பட்டினம் வந்து இறங்கினார்கள். ஆய்வின்போது விண்ணப்பதாரர் வீட்டில் எதுவும் உண்ணக் கூடாது என்பது விதி. ஆகவே ருமைஸாவின் தாயார் ரஹ்மத்துன்னிஸா செய்து வைத்திருந்த வட்டலப்ப இனிப்பை ஆய்வு தொடங்குவதற்கு முன்பே உண்டு முடித்தார்கள்.

ருமைஸா விளையாட்டைத் திறந்தாள். திரையில், கொம்பு வைத்த தலைக்கவசமும் ஆள் உயரக் கோடாரியுமாக ஒரு பெண் கோட்டை வாசலில் நின்றாள்.

"இது யாரு?" என்றார் கிருபாநிதி.

"நான்தான் சார்."

அவர் ருமைஸாவின் ஆதார் அட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "கொம்ப எடுத்துட்டுக் காட்டும்மா." அவள் கவசத்தைக் கழற்றினாள். சாயல் ஒத்துப்போவதாக எழுதிக்கொண்டார்.

மாசானம் நாடாவைத் திரையில் வைத்து அளந்தார். நான்கு எல்லை எழுத வேண்டும் என்பதால் கோட்டை மதிலை ஒட்டி ஒரு சுற்று மெதுவாக நடக்கச் சொன்னார்.

"வடக்க எலும்புக்கூட்டுக் காடு. தெக்க நெருப்பு ஆறு. ஆறுன்னா புறம்போக்குத்தான், என்ன சார்?"

"போட்டுக்கோ. கெழக்க கடல் தெரியுதே, அது யாரு பொறுப்புல வருது?"

"துறைமுகத்துக்காரங்கள்ட்ட விசாரிக்கணும்னு எழுதிருக்கேன் சார்."

அதற்குள் காட்டிலிருந்து முப்பது எலும்புக்கூடுகள் கத்தியோடு ஓடி வந்தன. ருமைஸாவின் விரல் தானாகக் கோடாரிக்குப் போயிற்று.

"கைய எடு, கைய எடு!" என்று கத்தினார் கிருபாநிதி. "ஆய்வு நேரத்துல ஒண்ணையும் மாத்தக் கூடாது. உள்ளது உள்ளபடி இருக்கணும்."

"வெட்டாம நின்னா அது என்னைக் கொன்னுரும் சார்."

"அது அதோட கடமைய செய்யட்டும். நாம நம்ம கடமைய செய்வோம்."

எலும்புக்கூடுகள் தங்கள் கடமையை அரை நிமிடத்தில் முடித்தன. திரை சிவந்தது. செல்வலட்சுமி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சார், விண்ணப்பதாரர் எறந்துட்டாங்க. மணி நாலு இருபத்திரெண்டு."

"அப்போ கோப்ப மூடிரு."

மூடினாள். ஐந்து விநாடியில் கோட்டை வாசலில் அந்தப் பெண் மறுபடியும் கோடாரியோடு எழுந்து நின்றாள்.

"சார், எந்திரிச்சிட்டாங்க சார்."

கோப்பை மூடிய பிறகு எழுந்து நின்ற விண்ணப்பதாரர் ஒருவரைக் கிருபாநிதி இருபத்தாறு வருடத்தில் கண்டதில்லை. சற்று யோசித்துவிட்டு, உயிரோடு இருப்பதாக ஒரு சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் கோப்பைத் திரும்பத் திறக்கலாம் என்றார். ருமைஸா எழுதிக் கொடுத்தாள். மதில் சுற்றி முடிவதற்குள் அவள் பதினொரு முறை செத்து, உயிரோடிருப்பதாகப் பதினொரு முறை எழுதிக் கொடுத்தாள். பத்தாவது சான்றில் தேதி விடுபட்டிருந்ததால் அந்தச் சாவு மட்டும் செல்லும் என்று முடிவாகி, பிறகு மன்னிக்கப்பட்டது.

ரஹ்மத்துன்னிஸா அடுக்களை வாசலில் நின்று, மகள் செத்துச் செத்து எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னளா இது, உள்ள புள்ளய உக்கார வச்சே மவுத்தாக்கிட்டிருக்காங்க" என்றார்.

நாலே முக்காலுக்கு அஃப்ஸல் விளையாட்டுக்குள் வந்தான். வெள்ளை அங்கி, கையில் ஒரு விளக்கு.

"ருமைஸா, இருக்கியா? யாரு அது? வீட்ல பேச்சுச் சத்தம் கேக்குது?"

"ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க மச்சான். மரியாதையாப் பேசுங்க."

கிருபாநிதி ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். கோட்டை வாசலில் உரிமையாளர் பெயர் 'காயல் வேங்கை' என்று இருப்பதையும், பாஸ்போர்ட்டில் அஃப்ஸல் என்று இருப்பதையும் சுட்டிக்காட்டினார். இருவரும் ஒருவரே என்று வேங்கையும் அஃப்ஸலும் தனித்தனியாக எழுதித் தரும்படி கேட்டார். பிறகு விசாரித்தார்.

"கோடாரி பொண்டாட்டி கையில இருக்கு. நீங்க என்ன செய்யுதீங்க?"

"பின்னால நிப்பேன் சார். அவளுக்கு அடிபட்டா விளக்கக் காட்டி ஆத்துவேன்."

"அது மட்டுந்தானா?"

"அதுவே பெரிய வேலை சார். இவ நிதானமாவே போக மாட்டா."

'குடும்பத் தலைவர் வேலையற்றவர்' என்று கிருபாநிதி எழுதினார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று ருமைஸா நினைத்த நேரத்தில் மாசானம் திரையில் ஒரு கதவைக் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். அவள் திறந்தாள். உள்மண்டபத்தில், ஆறு கைகளோடு, கூரையை முட்டிக்கொண்டு ஓர் அரக்கன் உட்கார்ந்திருந்தான். விளையாட்டில் கடைசியாகக் கொல்ல வேண்டியவன் அவன்தான். நான்கு மாதமாக இருவரும் முயன்றும் முடியவில்லை.

கிருபாநிதி மெல்ல எழுந்தார். "ஏம்மா, இது ஆம்பளையா பொம்பளையா?"

"அரக்கன் சார்."

"ஆம்பளதான். புருஷன் பொண்டாட்டி வசிக்குற எடத்துல வேத்து ஆம்பள ஒருத்தர் நிரந்தரமா உக்காந்திருக்காரு. இத நீ படிவத்துல சொல்லவே இல்லையே?"

"அவன் அங்கனயேதான் இருப்பான் சார். அவனக் கொல்லுறதுதான் விளையாட்டே."

"கொல்லுறதெல்லாம் உங்க குடும்ப விஷயம். எங்களுக்கு அவர் ஆக்கிரமிப்பாளர். பதினஞ்சு நாள் நோட்டீஸ் கொடுத்துத்தான் காலி பண்ண வைக்கணும். அரக்கரா இருந்தாலும் அவருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கணும்லா? நாங்க என்ன காட்டுமிராண்டிகளா?"

செல்வலட்சுமி நோட்டீஸ் எழுதினாள். பெறுபவர்: அரக்கர், உள்மண்டபம், சாம்பல் கோட்டை. தகப்பனார் பெயர்: தெரியவில்லை. அதைத் திரைக்கு நேராகப் பிடித்து ஒருமுறை உரக்க வாசித்தாள். இரண்டாவது வரி முடிவதற்குள் அரக்கன் சங்கிலியைச் சுழற்றி ருமைஸாவையும் அஃப்ஸலையும் சேர்த்து அடித்துக் கொன்றான். 'எதிர்மனுதாரர் நோட்டீஸை வாங்க மறுத்துவிட்டார்' என்று பதிவாயிற்று. வாங்க மறுத்தால் அவர் குடியிருக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். மாசானம் பசை டப்பாவை எடுத்து, ருமைஸாவின் மானிட்டரில் இடப்பக்க மேல் மூலையில் நோட்டீஸை அழுத்தி ஒட்டினார்.

"கிழிச்சா கிரிமினல் கேஸ்" என்றாள் செல்வலட்சுமி. "நோட்டீஸ் முடியுற வரைக்கும் ரெண்டு பேரும் கோட்டைக்குள்ள போகவும் கூடாது."

"நாங்க பேசுறதே அங்கதான் மேடம்."

"பதினஞ்சு நாள்தானம்மா. வாழ்க்கை பூரா சேந்து இருக்கத்தான பாக்க?"

பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ருமைஸா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அதைத் திறக்காமல் எழுந்தாள். இருபத்தொன்றாம் தேதியும் அப்படியே. அஃப்ஸல் எழுதினான்: 'என்ன சாப்பிட்டே?' அவள் எழுதினாள்: 'சோறு.' கோட்டையில் இதையே அவர்கள் அரை மணி நேரம் பேசியிருப்பார்கள். எழுத்தில் பேச்சு அவ்வளவோடு நின்றது. குரல் கேட்காத இரண்டு வாரத்தில், ஷார்ஜா எவ்வளவு தூரம் என்பது அவளுக்கு முதல்முறையாகத் தெரிந்தது.

நோட்டீஸ் கெடு இருபத்திரண்டோடு முடிந்தது. அரக்கன் காலி செய்யவில்லை, அதனால் தடையும் நீங்கவில்லை. அடுத்த கள ஆய்வுக்குக் கிருபாநிதிக்குக் கிடைத்த முதல் நாள் இருபத்தெட்டு. மறுநாள் கெடு. மூவரும் வந்தார்கள். ரஹ்மத்துன்னிஸா இம்முறை தேநீர் மட்டும் கொடுத்தார். கிருபாநிதி ஏமாற்றத்தை மறைக்கவில்லை.

"வெளியேற்றும் நடவடிக்கை இப்போது தொடங்குகிறது" என்று அறிவித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "ம்ம், ஆரம்பிம்மா. நீதான் அவரக் காலி பண்ணணும். எங்களுக்கு அந்த அதிகாரம் இல்ல."

"நோட்டீஸ எடுத்துரலாமா சார்? என் உயிரு எவ்வளவு மிச்சம்ங்கிறத அந்த மூலையிலதான் காட்டும்."

"நடவடிக்கை முடியுறதுக்கு முன்னால எடுத்தா செல்லாது."

ஹெட்போனில் மூன்று வாரமாகக் கேட்காத குரல் வந்தது. "ருமைஸா."

"மச்சான், எனக்கு உயிரு தெரியல. காயிதம் மறைக்குது."

"எனக்குத் தெரியுது. நான் சொல்றேன். நீ அவனப் பாரு."

கதவு திறந்தது. அரக்கன் எழுந்தான். அவள் ஓடினாள்.

"முழுசா இருக்கு. வெட்டு. இடது பக்கம் குதி, சங்கிலி வருது. முக்கால் இருக்கு. இன்னும் வெட்டு. பாதி. பாதிதான்ளா, பின்னால வா. வா, விளக்குப் பக்கம் வா. இந்தா, முழுசாயிட்டு. போ."

அவள் தன் உயிரைப் பார்க்கவே இல்லை. இதற்கு முன் ஒவ்வொரு முறையும் அந்த மூலையைப் பார்த்துப் பார்த்துத்தான் அரக்கனின் கையைத் தவற விட்டிருக்கிறாள் என்பது இப்போதுதான் புரிந்தது. ஒரு கை விழுந்தது. மூன்றாவது விழுந்தது. மாசானம் நாற்காலி நுனிக்கு வந்து, "காலுல போடு தாயி, காலுல போடு!" என்று கத்தினார். கிருபாநிதி அவரை முறைத்தார்.

"கால்வாசி இருக்கு" என்றான் அஃப்ஸல். "என் விளக்கு அணைஞ்சிட்டு. இனி ஆத்த முடியாது. நான் முன்னால போய் அவன் அடிய வாங்குறேன். நீ கழுத்துக்குப் போ."

"நீங்க செத்துருவீங்க."

"நான் வாசல்ல எந்திரிச்சு வாரேன். நீ போளா!"

வெள்ளை அங்கி முன்னால் ஓடி விழுந்தது. கோடாரி கழுத்தில் இறங்கியது. அரக்கன் மண்டபம் குலுங்கச் சரிந்தான். ரஹ்மத்துன்னிஸா அடுக்களையிலிருந்து, "அல்ஹம்துலில்லாஹ்! போனானா?" என்றார். செல்வலட்சுமி கைதட்டி, மேலதிகாரி பார்ப்பதைக் கண்டு, கொசு அடித்ததுபோல் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

"ஆக்கிரமிப்பாளர் தானாக முன்வந்து இடத்தைக் காலி செய்தார்" என்று கிருபாநிதி வாய்விட்டுச் சொல்ல, அவள் எழுதினாள்.

ஆணைக்குப் பல நாள் ஆகும் என்று ருமைஸா பயந்தாள். ஆனால் அந்த அலுவலகத்தில் ஒரு வகை ஆணை மட்டும் அன்றைக்கன்றே தயாராகும். ஜீப்பிலேயே தட்டச்சுச் செய்து, காகிதத்தைத் தொடையில் வைத்து முத்திரைகளைக் குத்தி, வாசலில் கொடுத்தார்கள்.

'பார்வையில் காணும் மனு பரிசீலிக்கப்பட்டது. மனுதாரரும் அவர்தம் கணவரும் மேற்படி இல்லத்தில் சேர்ந்து வாழ்ந்து வருவதும், வேற்று நபர் எவரும் அங்கு இல்லை என்பதும் கள ஆய்வில் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டன. எனவே, ஏற்கெனவே கணவருடன் சேர்ந்து வாழும் மனுதாரர், கணவருடன் சேர்ந்து வாழ்வதற்காக அத்தாட்சி கோர வேண்டிய முகாந்திரம் ஏதும் எழவில்லை எனக் கருதி, மனு நிராகரிக்கப்படுகிறது.'

அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். "சார், இது..."

"எனக்கு நன்றியெல்லாம் சொல்ல வேண்டாம்மா" என்றார் கிருபாநிதி. அவர் கண்ணில் உண்மையாகவே ஈரம் இருந்தது. "இருபத்தாறு வருஷத்துல ஒரு தம்பதிய இவ்வளவு சுத்தமா நான் நிரூபிச்சதில்ல. இப்படி நிரூபிச்சதுக்குப் பொறவு மனுவ ஏத்துக்கிட்டா, நிரூபணத்த நானே சந்தேகப்படுற மாதிரி ஆயிராதா? நல்லா இருங்க ரெண்டு பேரும்."

ஜீப் போய்விட்டது. ருமைஸா ஆணையைப் படமெடுத்து அஃப்ஸலுக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை அஃப்ஸல் அதை அச்செடுத்துக்கொண்டு கம்பெனி வீட்டுப் பிரிவுக்குப் போனான். அத்தாட்சி கிடைக்கவில்லையென்று சொல்லிவிட்டு வருவதற்காகத்தான் போனான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. அவர் காகிதத்தை வாங்கி முதலில் முத்திரைகளை எண்ணினார். ஏற்றுக்கொள்ளும் ஆணைக்கு ஒரு முத்திரை போதும். மறுக்கும் ஆணைக்கு ஒன்பதும் குத்த வேண்டும் என்பது தூத்துக்குடியில் வழக்கம். ஒன்பது முத்திரை குத்திய காகிதம் அந்த மேசைக்கு அதற்கு முன் வந்ததில்லை. அவர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

அஃப்ஸல் ஒரு நொடி யோசித்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது.

"நானும் என் மனைவியும் சேர்ந்து வாழ்கிறோம் என்று எழுதியிருக்கிறது சார். நேரில் வந்து பார்த்திருக்கிறார்கள். சந்தேகத்துக்கு இடமே இல்லையாம்."

"இந்தக் கடைசி வரி?"

"இனிமேல் நாங்கள் எந்தக் காகிதமும் கேட்க வேண்டியதில்லையாம்."

அந்த மனிதர் தலையாட்டிவிட்டு இழுப்பறையைத் திறந்து, எண் எழுதிய ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.